டயப்பர் மாற்றும்போது எந்த வைப்ஸ், எப்போது தண்ணீர்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வைப்ஸ் வாங்குவதைப் பெரும்பாலானோர் கடையில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வீடு. பிள்ளையை எங்கே படுக்கவைத்து மாற்றுவீர்கள், தண்ணீர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, பகலில் பிள்ளை யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எந்த வைப்ஸ், எத்தனை பேக் என்ற கேள்விக்கே பதில் வரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். மூன்றாவது படியில் இருப்பதை முதலில் செய்துவிட்டு, பிள்ளைக்குச் சிவந்துவிட்டது என்று வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

1. எங்கே தண்ணீர், எங்கே வைப்ஸ் என்று முடிவு செய்யுங்கள்

பெரிய வீடுகளில் குழாயும் குளியலறையும் பெரும்பாலும் பின்கட்டில். பிள்ளை படுத்திருப்பதோ வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய அறையில், இல்லை முகப்பில் யாராவது ஒருவர் மடியில். ஆய் போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டு தாண்டுவதற்குள் துணியெல்லாம் நனைந்துவிடும். பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவது அதைவிடத் தப்பு. புரளத் தெரியாத பிள்ளை என்று நினைப்போம், அன்றைக்குத்தான் முதல்முறை புரளும்.

ஆகவே கணக்கு இதுதான்: கை எட்டும் தூரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் தண்ணீர். இல்லாத இடத்தில் வைப்ஸ். நடுராத்திரி, கல்யாண வீடு, பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போகும் நாள், காலையில் கிளம்பும் பல்லவன் ரயிலில் சென்னைப் பயணம், இவையெல்லாம் வைப்ஸ் கணக்கில் வரும். குளியலறை ஒட்டியுள்ள சின்ன வீடு என்றால் பையில் போட ஒரு பேக் போதும். பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வேண்டியதில்லை.

பிறந்த முதல் சில வாரங்களுக்கு, வீட்டில் இருக்கும்வரை, பஞ்சும் தண்ணீருமே நல்லது. பிறக்கும்போது பிள்ளையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையான பிஎச்சில் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம்) இருக்கும். அடுத்த சில வாரங்களில்தான் மெல்ல மெல்ல அமிலப் பக்கம் நகரும். அந்த அமிலத்தன்மைதான் தோலுக்குக் காவல். அது அமைவதற்கு முன்னால் வாசனையும் ரசாயனமும் எதற்கு? அவசரத்துக்கு வைப்ஸ் வேண்டும் என்றால் வாசனை சேர்க்காதது மட்டும்.

2. வாங்குவதற்கு முன் இவற்றை எடுத்து வையுங்கள்

மாற்றும் இடத்தில் இருக்க வேண்டியவை: மூடி போட்ட பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அல்லது பிளாஸ்க், பஞ்சு, ஒற்றி எடுக்க உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி, அடியில் விரிக்க ரப்பர் ஷீட்டும் மேலே ஒரு துணியும், சிங்க் ஆக்சைடு உள்ள கிரீம், அழுக்குப் போட மூடியுள்ள வாளி.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்து மாற்றுகிறீர்கள் என்றால் விரிப்பு கட்டாயம். தரை குளுகுளுவென்று இருப்பது நல்லதுதான், ஆனால் எண்ணெயும் தண்ணீரும் சொட்டினால் அந்தப் பளபளப்பில் பிள்ளையோடு எழுந்திருப்பவர் கால் வழுக்கும். தரையில் மாற்றுவதே கட்டிலைவிடப் பத்திரம் என்பது என் கட்சி. விழுவதற்கு இடமே இல்லை.

தண்ணீரையும் ஒரு முறை பாருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் காரைக்குடி வீடுகளுக்குக் கவலை குறைவு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், பிள்ளைக்குத் துடைப்பதற்குக் குடிதண்ணீரையே எடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தபின் தோலில் வறட்சி தெரியும். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் கூட ஆகாது.

3. பேக்கைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் சரக்கு. கடையில் எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

முன்பக்க வார்த்தைகளை முதலில் தள்ளிவிடலாம். ‘99 சதவீதம் தண்ணீர்’ என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதத்தில் இருக்கிறது. ‘டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்’ என்றால் சோதித்தார்கள் என்று பொருள், என்ன முடிவு வந்தது என்று அது சொல்லாது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்றிருந்தாலும் ஒவ்வாமை வரவே வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அன்சென்டட்’ என்பதும் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில், மூலப்பொருளின் நாற்றத்தை அமுக்க ஒரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். வேண்டியது இரண்டாவது.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை, முக்கியமானது முதலில்:

வாசனை. பட்டியலில் ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. லாவெண்டர், சிட்ரஸ் எண்ணெய்கள் இயற்கையானவை என்றாலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மெத்தில்ஐசோதயாசோலினோன். நீளமான பெயர், தேடிப் பாருங்கள். கெடாமல் இருக்கச் சேர்ப்பது. தோலில் ஒவ்வாமை கிளப்புவதில் பேர்போனது. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருள்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தடை. வைப்ஸும் அந்த வகைதான்: துடைத்தபின் யாரும் கழுவுவதில்லை, ஈரம் அப்படியே டயப்பருக்குள் அடைபடுகிறது.

ஆல்கஹால். இதில் குழப்பம் அதிகம். ‘ஆல்கஹால்’, ‘எத்தனால்’, ‘ஆல்கஹால் டீனாட்’ என்றிருந்தால் வேண்டாம். எரியும், தோலை வறட்டும். ‘செட்டைல் ஆல்கஹால்’, ‘செட்டியரைல் ஆல்கஹால்’ போன்றவை மெழுகு மாதிரி வழவழப்புக்குச் சேர்ப்பவை, எரிக்காது. ‘பென்சைல் ஆல்கஹால்’ கெடாமல் காப்பது. இந்த மூன்றையும் பார்த்துப் பதறி நல்ல பேக்கைத் திருப்பி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெடாமல் காக்கும் பொருள். ‘பிரிசர்வேட்டிவ் எதுவும் இல்லை’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஈரத்துணியை மூடி மாதக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்பது மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற நம் எல்லோருக்கும் தெரியும். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போன்றவை இருப்பது சரிதான். கூடவே சிட்ரிக் ஆசிட் இருந்தால் அது பிஎச்சை 5.5 பக்கம் வைத்திருக்கச் சேர்த்தது.

அந்த எண் ஏன் முக்கியம்? மலத்தில் செரிமான நொதிகள் இருக்கின்றன. மூத்திரமும் மலமும் கலந்து கிடந்தால் பிஎச் ஏறும், ஏறினால் அந்த நொதிகள் வேகமாக வேலை செய்து தோலை அரிக்கும். கொஞ்சம் அமிலப் பக்கம் இருக்கும் வைப்ஸ் அதை அடக்கிவைக்கும். சாதாரண குளியல் சோப்பின் பிஎச் 9, 10 என்று போகும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினால் ‘சுத்தமாக வைத்தும் சிவக்கிறதே’ என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

கற்றாழை, வேம்பு, தேன், பாதாம் எண்ணெய் என்று நீளும் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்த்த பொருள் கூடக்கூட, ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பும் கூடும். எனக்குப் பிடித்த பேக் பட்டியல் மூன்று வரிக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, கை துடைக்கும் கிருமிநாசினி வைப்ஸும், முக மேக்கப் துடைக்கும் வைப்ஸும் வீட்டில் கிடக்கும். இவை பிள்ளைக்கு அல்ல. ஒரே மாதிரி உறையில் இருப்பதால் ராத்திரியில் கை மாறிப்போகும். வேறு அறையில் வையுங்கள்.

4. கையில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் விலை

முதலில் சின்ன பேக் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஆஃபர் இருந்தாலும் சரி. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மிச்சம் முழுவதும் மேஜை துடைக்கத்தான் ஆகும்.

ஒரு வைப்ஸை எடுத்து இரு கையாலும் இழுங்கள். கிழியாமல் கொஞ்சம் நீள வேண்டும். பிழிந்தால் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. மெல்லியது மலிவாகத் தெரியும், ஆனால் ஒன்று போதும் இடத்தில் மூன்று இழுப்பீர்கள். ஒற்றைக் கையால் ஒன்றாக வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு கை பிள்ளையின் காலைப் பிடித்திருக்கும்போது ஐந்தாறு சேர்ந்து வந்தால் எரிச்சல்தான்.

விலையைப் பேக்குக்குப் பேக் ஒப்பிடாதீர்கள். எண்ணிக்கையால் வகுங்கள். 72 எண்ணம் உள்ள பேக் 180 ரூபாய் என்றால் ஒன்று 2 ரூபாய் 50 காசு. பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் இரண்டு வைப்ஸ் என்றால் தினமும் 50, 60 ரூபாய். ‘வீட்டில் தண்ணீர்’ என்று முதல் படியில் சொன்னதன் அருமை இந்தக் கணக்கில் தெரியும்.

தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் அச்சாகியிருக்கிறதா, மேல் ஸ்டிக்கர் பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்ட பேக்குகள் வேண்டாம்.

5. முதலில் தொடையில் சோதனை

புது வைப்ஸை நேரே டயப்பர் போடும் இடத்தில் தொடங்காதீர்கள். தொடையின் வெளிப்பக்கம், டயப்பர் படாத ஒரு இடத்தில், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை துடைத்துவிட்டு மறுநாள்வரை பாருங்கள். சிவப்பு, பொரிப்பொரியாக எழும்புதல், சொரசொரப்பு எதுவும் இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

அதே வாரத்தில் டயப்பர் பிராண்டையும் சோப்பையும் துணி துவைக்கும் பவுடரையும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, சிவந்தபின் வைப்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. எதனால் வந்தது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

6. துடைக்கும் வரிசை

எவ்வளவு நல்ல வைப்ஸானாலும் துடைக்கும் விதம் தப்பினால் புண்தான்.

முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். டயப்பரைத் திறப்பதற்கு முன்பே வைப்ஸ் மூன்றை இழுத்து, பக்கத்தில் மடித்து வைத்துவிடுங்கள். திறந்தபிறகு அழுக்குக் கையால் பேக்கைத் தொட்டால், மிச்சமிருக்கும் அத்தனையிலும் கிருமி ஏறும்.

பழைய டயப்பரின் முன்பகுதியாலேயே பெரும்பகுதி மலத்தை வழித்து எடுங்கள். இதைச் செய்தால் வைப்ஸ் பாதி மிச்சம், தோலுக்கு உராய்வும் குறைவு.

பிறகு முன்னிருந்து பின்னுக்கு. பெண் குழந்தைக்கு இது கட்டாயம். பின்னிருந்து முன்னுக்குத் துடைத்தால் மலக்கிருமி மூத்திரப் பாதைக்குப் போய்ச் சேரும். ஆண் குழந்தைக்கு விதைப்பைக்கு அடியில் மறக்காமல் துடையுங்கள், முன்தோலை மட்டும் பின்னால் இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வைப்ஸை மடித்துப் புதுப் பக்கம். தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு இரண்டும் கடைசியில். அங்கேதான் மிச்சம் தங்கும்.

அழுத்தித் தேய்க்க வேண்டாம். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் போகும் கருப்பு மலம் பசை மாதிரி ஒட்டும். அதற்குப் பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், வைப்ஸால் போராட வேண்டாம். காய்ந்து ஒட்டியிருந்தால் ஈர வைப்ஸை அதன்மேல் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

அடுத்தது எல்லோரும் விட்டுவிடும் படி: உலரவிடுவது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள். வளவுப் பக்கம் நிழலில் படுக்கவைத்தால் காற்றுக்குக் குறைவில்லை. ஈரத்தோடு டயப்பரை ஒட்டினால் தோல் ஊறிப்போகும். ஊறிய தோல் சின்ன உராய்வுக்கே உரியும். வைப்ஸால் வந்த புண் என்று காட்ட வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படி உலர்த்தினீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள் என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

மூத்திரம் மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் வைப்ஸ் போட வேண்டியதில்லை. தோல் நன்றாக இருந்தால் ஒற்றி எடுத்தாலே போதும். பவுடர் வேண்டவே வேண்டாம்: மடிப்பில் கட்டியாகி உறுத்தும், மூச்சிலும் போகும்.

7. பழைய வேட்டியில் வீட்டு வைப்ஸ்

வீட்டில் ஐயாவின் பழைய பருத்தி வேட்டி இருந்தால் கடை வைப்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பல வருடம் துவைத்து நைந்த துணி, அவ்வளவு மென்மை. கண்டாங்கிச் சேலை என்றால் உடல்பகுதியை மட்டும் எடுங்கள். கரையும் முந்தியும் முரடு, சாயமும் இருக்கும். வெள்ளைத் துணியில் ஈரமாகத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தபிறகே வெட்டுங்கள்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தை ஒரு தையல் ஓட்டிக்கொள்ளுங்கள். ஓட்டாவிட்டால் நூல் பிரிந்து பிள்ளையின் கால்விரலிலோ மறைவிடத்திலோ சுற்றிக்கொள்ளும். இது விளையாட்டல்ல, இறுகிய நூல் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

நனைத்து வைப்பதானால் காய்ச்சி ஆறிய தண்ணீரில், அன்றைக்கு வேண்டியது மட்டும். மிச்சமானதை ராத்திரி துவைக்கப் போட்டுவிடுங்கள். கெடாமல் காக்கும் பொருள் இல்லாத ஈரத்துணி இந்த வெயிலில் ஒரே நாளில் வாடை எடுக்கும். கிருமிநாசினி, வினிகர், வாசனை எண்ணெய், மஞ்சள் எதையும் அந்தத் தண்ணீரில் விடாதீர்கள். பயத்தமாவு, கடலைமாவு தேய்ப்பதும் அந்த இடத்துக்கு வேண்டாம்.

துவைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி மலத்தைப் போக்கிவிட்டு, அப்புறம் வெந்நீரில் துவையுங்கள். நேரே வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கம்ஃபோர்ட் மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் துணி தண்ணீர் உறிஞ்சாது. கொடியில் நல்ல வெயிலில் காயவைத்தால் போதும். வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்?

8. பிள்ளையைப் பார்க்கும் எல்லோருக்கும் ஒரே முறை

“தண்ணி இருக்கையில எதுக்குடி இந்தக் காயிதம்?” என்று அப்பத்தா கேட்பார்கள். ஆயா எண்ணெய் தடவச் சொல்வார்கள், சென்னையிலிருந்து வந்த சித்தி வாசனை வைப்ஸ் கொண்டுவந்திருப்பார்கள். தர்க்கம் செய்து ஜெயிக்க முடியாது. “சரி அப்பத்தா, பகல்ல தண்ணி உங்க கையில, ராத்திரிக்கு வைப்ஸ் என் கையில” என்று பங்கு பிரித்துவிடுங்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லையே.

மாற்றும் இடத்தில் ஒரே ஒரு வகை வைப்ஸ் மட்டும் இருக்கட்டும். அன்பளிப்பாக வந்தவை அலமாரியில் இருக்கட்டும், கண்ணில் பட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள்.

9. வெயிலில் வைக்கும் முறையும் குப்பையும்

கோடையில் வைப்ஸ் பாதிப் பேக்கிலேயே காய்ந்துவிடுகிறது என்பது இங்கே பொதுவான புகார். ஒவ்வொரு முறையும் மூடியை அழுத்தி மூடுங்கள். பேக்கைக் கவிழ்த்து வையுங்கள். ஈரம் அடியில் தங்கும், கவிழ்த்தால் மேலே இருக்கும் வைப்ஸுக்கு வரும். காரில் விட்டுவிட்டு வராதீர்கள். காய்ந்த வைப்ஸில் தண்ணீர் ஊற்றி மறுபடி அடைத்து வைப்பதும் கூடாது. கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

‘ஃப்ளஷபிள்’ என்று போட்டிருந்தாலும் கழிவறையில் போடாதீர்கள். செப்டிக் டேங்க் குழாய் அடைத்தால் ஆள் தேடி அலைய வேண்டும். பல வைப்ஸ்களில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், மக்காது. கொல்லையில் போட்டு எரிக்கவும் வேண்டாம். தாளில் சுற்றி, டயப்பரோடு தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள்.

10. சிவந்துவிட்டால்

வைப்ஸை உடனே நிறுத்தி, தண்ணீரும் பஞ்சும். அடிக்கடி மாற்றுங்கள், காற்றாட விடுங்கள், சிங்க் ஆக்சைடு கிரீமைக் கொஞ்சம் கனமாகப் பூசுங்கள். அடுத்த முறை மாற்றும்போது கிரீம் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். மேலே ஒட்டிய அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு அதன்மேலேயே பூசலாம். பெரியவர்களுக்கு வாங்கிய படை, அரிப்புக் களிம்பை எடுத்துத் தடவுவது நம் ஊரில் நடக்கிறது. அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், டயப்பருக்குள் அடைபட்ட பிஞ்சுத் தோல் அதை அதிகமாக உறிஞ்சும். தொடாதீர்கள்.

எங்கே சிவந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். டயப்பர் உரசும் மேடான இடங்களில் மட்டும் சிவந்து, மடிப்புகள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஈரமும் உராய்வும் காரணம். மடிப்புக்குள்ளேயே அழுத்தமான சிவப்பு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இது அடிக்கடி வரும். இதற்கு மருந்து வேறு, வைப்ஸை மாற்றிப் பயனில்லை.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், கொப்புளம், சீழ், ரத்தக்கசிவு, காய்ச்சல் இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். போகும்போது வைப்ஸ் பேக்கையும் கிரீமையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதைத் தடவினீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது பின்பக்கப் பட்டியலைக் காட்டினால் போதும்.